போர்மன் தவறவிட்ட மான்

எங்கள் போர்மன் வில் வாங்கிய பிறகு தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் வேறு கதைக்கு இடமில்லாமல் போனது. அதற்கு முன்பு அவன் மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கதைத்தான். அதற்கும் முன்பு வீட்டில் பாண் ரொட்டி சுடப் பழகி, புளித்த மாவை ஒரு போத்தலில் அடைத்துக்கொண்டு வந்து, அதற்கு உயிர் இருக்கிறது என்று எங்கள் மூக்குக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினான். அந்த ஆசைகள் எதுவும் ஒரு மாரிகாலத்தைத் தாண்டவில்லை. வில் தாண்டிவிட்டது.

நாங்கள் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், இக்காஸ்ட் ஊருக்கு வெளியே மெத்தையும் தலையணையும் செய்கிறோம். நான் உறைகளுக்கு விளிம்பு தைக்கிறவன். எங்களை மேற்பார்க்கிற போர்மனுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. நெடிய, சிவந்த, தன் குரலைத் தானே ரசிக்கிற ஆள். மத்தியான இடைவேளையில் கைத்தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, தான் வைக்கோல் கட்டுக்கு அம்பு விடுகிற வீடியோக்களைக் காட்டுவான். வைக்கோல் கட்டு ஓடாது. ஆகவே எல்லா அம்பும் படும். ஒரு நாள் வில்லையே கொண்டுவந்தான். இரண்டு முனையிலும் சில்லு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு, நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. யாரோ சைக்கிளைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விட்டது போலிருந்தது. அதைத் தொடுவதற்கு முன் கையைத் துடைக்கச் சொன்னான்.

மே மாதம் பிறந்ததும், ஆண் மான்களைச் சுடலாம் என்ற காலம் தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் என் மெஷினடிக்கு வந்து, "சனிக்கிழமை என்னோடு காட்டுக்கு வருகிறாயா?" என்று கேட்டான்.

இந்த நாட்டுக்கு வந்து எனக்கு முப்பது வருடத்துக்கு மேல். அத்தனை காலத்திலும் வேலைக்கு வெளியே எந்த டேனிஷ்காரனும் என்னை எங்கும் கூப்பிட்டதில்லை, ஒரு செத்த வீட்டைத் தவிர. அதற்கும் அறிவித்தல் பலகையில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் எழுதிப் போட்டிருந்தார்கள். எனக்கு மானும் தேவையில்லை, காடும் தேவையில்லை. கூப்பிட்டது போதுமாக இருந்தது. உடனே ஓம் என்றேன். அந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கு வெறுப்பு வருகிறது.

அவனுக்கு ஏன் நான் தேவை என்பது அடுத்த வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. வில்லை இழுக்க இரண்டு கையும் வேண்டும். வீடியோ பிடிக்க ஆள் வேண்டும். மனைவி வரமாட்டாளாம்.

பிறகு நிபந்தனைகள் வந்தன. மானுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் பலம் என்று தொடங்கி, அந்தக் கிழமை முழுக்க நான் மசாலா எதுவும் சாப்பிடக் கூடாது என்றான். மணமில்லாத சவர்க்காரப் போத்தல் ஒன்றைத் தந்தான். போட்டுக்கொண்டு வரும் உடுப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது, வெளியில் தொங்கவிட வேண்டும். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வது போல, என் தோளில் கை வைத்துச் சொன்னான்.

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி சட்டியைக் கிண்டிக்கொண்டு நின்றவள், அகப்பையோடு திரும்பினாள்.

"என்னவாம்?"

"இந்தக் கிழமை கறி வேண்டாமாம். மணம் பிடிச்சிடுமாம்."

"ஆருக்கு, மானுக்கோ அவனுக்கோ?"

"மானுக்குத்தான்."

"வயசு போன நேரத்தில உங்களுக்கு ஏனப்பா இந்த விசர் வேலை? கூப்பிட்டவனெண்டா வாயைக் கட்டிப்போட்டோ கூட்டிக்கொண்டு போறது?"

அந்தக் கிழமை முழுக்கக் கறுத்தப் பாணும் சீஸும் தின்றேன். அவள் எனக்கு எதிரில் இருந்து கணவாய் மீன் கறியைக் குழைத்துச் சாப்பிட்டாள். என்மேல் இரக்கப்படுவதாக அவள் காட்டிக்கொள்ளவே இல்லை. என்னுடைய ஜாக்கெட் பல்கனியில் மழையில் நனைந்துகொண்டு கிடந்தது.

சனிக்கிழமை பின்னேரம் போர்மன் காரில் வந்து ஏற்றினான். தலையிலிருந்து கால்வரை இலை அச்சடித்த உடுப்பு. முகத்தில் பச்சைச் சாயம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் அவன் இறங்கி நின்றபோது, சைக்கிள் ஓடிய சோமாலியப் பிள்ளைகள் ஓடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கார்க் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து லக்ரிஸ் மணம் அடித்தது. டேனிஷ்காரர் விரும்பித் தின்னும் அந்தக் கறுப்பு உப்பு மிட்டாய். ஒரு பொட்டலம் அவன் மடியில் பிரித்துக் கிடந்தது. வழி முழுக்க அதைச் சப்பிக்கொண்டு, மணத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று எனக்கு விளக்கினான்.

காடு அவனுடையது அல்ல. அவனுடைய மாமனாரின் பண்ணைக்குப் பின்னால் ஒரு துண்டு. ஒரு பக்கம் ஊசியிலை மரங்கள், மறுபக்கம் வெள்ளைப் பட்டை கொண்ட வெண்பூர்ச்ச மரங்கள், நடுவில் புல் முளைத்த ஒரு வெளி. வெளியின் ஓரத்தில், மரத்தோடு சேர்த்துக் கட்டிய ஏணி, அதன் உச்சியில் இரண்டு பேர் நெருங்கி உட்காரலாம் என்கிற அளவில் ஒரு பரண். மேற்கைப் பார்த்து உட்கார்ந்தோம். ஜட்லாந்தில் காற்று எப்போதும் வருவது போலவே அன்றும் மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடித்தது. என் கண்ணில் நீர் வந்தது. போர்மன் ஒரு சின்னப் போத்தலிலிருந்து மாத்தூளை ஊதி, அது எங்களுக்குப் பின்னால் பறந்து போவதைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினான். காற்று சரி என்று அர்த்தம். அதை நான் மறக்கவில்லை.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. சூரியன் இறங்காமல் மரங்களுக்கு மேல் தொங்கிக்கொண்டு நின்றது. அவனுடைய தொலைபேசியை நான் இரண்டு கையாலும் பிடித்தபடி, இருமல் வந்தாலும் விழுங்கிக்கொண்டு இருந்தேன். அவன் மிட்டாய் சப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு மான் வந்தது. எங்களுக்கு நேரே முன்னால், வெண்பூர்ச்ச மரங்களுக்குள்ளிருந்து, காற்று வருகிற திசையிலிருந்து. அதற்கு முன் நான் மானைக் கார் ஓடும்போது வீதியோரத்தில்தான் பார்த்திருக்கிறேன். இது ஒரு பெரிய ஆட்டின் உயரம்கூட இல்லை. செம்பு நிறம். சின்னக் கொம்பு. அவசரமே இல்லாமல் புல்லைக் கடித்துக் கடித்து எங்களை நோக்கி வந்தது. ஒருமுறை தலையைத் தூக்கிக் காதைத் திருப்பியது, பிறகு மறுபடி குனிந்தது. இத்தனை நாளும் கேட்ட அலட்டல் எல்லாவற்றையும் அந்த நிமிடம் மன்னித்திருப்பேன்.

போர்மன் எழும்பி நின்று வில்லை இழுத்தான். இழுத்தது முந்திப் போய்விட்டது. மான் அப்போதுதான் ஒரு மரத்துக்குப் பின்னால் போனது, அங்கேயே நின்று தின்றது. வில்லை இழுத்தவன் விடவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. தளர்த்தினால் அசைவு தெரியும். பிடித்துக்கொண்டு நின்றான். முதலில் அவனுடைய முழங்கை நடுங்கியது. பிறகு தோள். பிறகு பரணே நடுங்கியது. நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பச்சைச் சாயத்துக்குள்ளால் வியர்வை வழிந்தது. மான் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்து, முழு உடம்பையும் காட்டி நின்றபோது, அவனுடைய கைகள் பழைய தையல் மெஷின் போல அடித்துக்கொண்டிருந்தன. அப்போது விட்டான்.

அம்பு மானின் முதுகுக்கு மேலால் போனது. கொஞ்சம் அல்ல. எங்கள் மெஷினடியில் நின்று அடுத்த மெஷின்காரனுக்கு எறிந்த நூல்கட்டை, அவனையும் தாண்டிப் போனது போல.

மான் ஒரு துள்ளுத் துள்ளி, சில அடி தள்ளிப் போய் நின்றது. திரும்பி எங்களைப் பார்த்தது. பிறகு நாய் மாதிரிக் குரைத்தது. மான் குரைக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இரண்டு மூன்று தரம் குரைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே, அவசரப்படாமல் மரங்களுக்குள் போய்விட்டது.

கீழே இறங்கிப் போய்ப் பார்த்தோம். அம்பு வெளியின் மறுகரையில், பாசிக்குள் பாதி புதைந்து கிடந்தது. அவன் அதைப் பிடுங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரத்தம் இல்லை, மயிர் இல்லை. மூக்கருகில் வைத்து மணந்தும் பார்த்தான். "தவறிவிட்டது" என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை மதித்தேன். காயப்படாமல் போனது நல்லது என்று நான் சொன்னேன். அவன் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி, வீடியோவைப் பார்த்தான். அவனுடைய முகம் வெயிலில் வைத்த வெண்ணெய் போல ஆனது. விரலால் இரண்டு தரம் தட்டினான். அழித்துவிட்டான் என்று விளங்கியது. வரும் வழியில் வானொலியைச் சத்தமாக வைத்தான்.

திங்கட்கிழமை மத்தியானம் நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் கதை தொடங்கிவிட்டது.

"இந்தா, இவ்வளவு கிட்ட" என்று போர்மன் மேசையின் நீளத்தைக் காட்டினான். "வில்லை முழுதாக இழுத்துவிட்டேன். விடப் போகிறேன். அந்த நொடியில் மான் மூக்கைத் தூக்குகிறது." அவனும் மூக்கைத் தூக்கினான். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "கறி."

சாப்பாட்டு அறை சிரித்தது. என்னைத் தெரிந்தவர்கள், என் பிறந்தநாளுக்குச் சின்னக் கொடி குத்திய கேக் வைத்தவர்கள், எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. வேலைத்தளங்களில் மனிதர்கள் சிரிக்கிற, யோசனை இல்லாத, வாயில் பாணோடு சிரிக்கிற சிரிப்பு. நான் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தேன்.

அடுத்த நாள் யாரோ என்னிடம், மானுக்கு எந்தக் கறி பிடிக்கவில்லை என்று கேட்டார்கள். அதற்கடுத்த நாள் என் லொக்கர்க் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மான் ஒன்று, மூக்கில் உடுப்புக் காயப்போடும் கிளிப். கணினியில் அச்செடுத்து, ஓரம் சீராக வெட்டியிருந்தார்கள். இதற்கு ஒருவன் நேரம் செலவழித்திருக்கிறான் என்று நினைத்தபோதுதான் எனக்குக் கோபம் ஏறியது. ஒரு கிழமை கறுத்தப் பாண் தின்றவன் நான். மழையில் நனைந்த ஜாக்கெட் போட்டவன் நான். லக்ரிஸ் சப்பியவன் அவன்.

படத்தைக் கழற்றிக்கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். போர்மன் கோப்பி ஊற்றிக்கொண்டு நின்றான்.

"சனிக்கிழமை காற்று எங்கிருந்து வந்தது?" என்று அவனிடம் கேட்டேன்.

"என்ன?"

"நாங்கள் மேற்கைப் பார்த்து இருந்தோம். காற்று முகத்தில் அடித்தது. நீயே மாத்தூள் ஊதிக் காட்டினாய். மான் மேற்கிலிருந்து வந்தது. அந்தக் காற்றில் மான் என் மணத்தை எப்படிப் பிடிக்கும்?"

ஜட்லாந்துக்காரனுக்கு வேறெது தெரியாவிட்டாலும் மேற்குக் காற்று தெரியும். வெட்டுப் பகுதியில் வேலை செய்யும் ஒரு பெண், ஓய்வுக்குக் கிட்டிய வயதுக்காரி, பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அப்படியென்றால் காற்று மானிலிருந்து உங்களுக்கு அல்லவா வந்திருக்கும்."

"காட்டுக்குள் காற்று சுழலும்" என்றான் போர்மன்.

"ம். சுழலும்" என்றாள் அவள். "வீடியோ எங்கே? நீ எப்போதும் வீடியோ காட்டுவாயே."

"பற்றரி முடிந்துவிட்டது."

"முடியவில்லை" என்றேன். "நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ வில்லை முந்தி இழுத்துவிட்டாய். கை நடுங்கியது. அம்பு மேலால் போனது. எல்லாருக்கும் நடக்கக்கூடியதுதான். அதை அப்படியே சொல்லியிருக்கலாம்."

என் டேனிஷ் இன்னும் பிசகுகிற டேனிஷ்தான். ஆனால் அந்த வாக்கியங்கள் ஒன்றும் பிசகவில்லை. போர்மன் கோப்பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். மறுபடி யாரும் என்னிடம் மானைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த மாதம், வேலையாட்களை மாற்றி மாற்றி எல்லா இடத்திலும் பழக்க வேண்டும் என்று ஒரு புதுத் திட்டம் வந்தது. முதலில் மாற்றப்பட்டவன் நான். தலையணைக்குப் பஞ்சு அடைக்கும் மெஷினுக்கு. அங்கே குழாயில் உறையை மாட்டினால் பஞ்சு வந்து ஊதி நிரப்பும். காதை அடைக்கிற இரைச்சல், வாயில் மாஸ்க், தலைமயிரில் பஞ்சு. இரண்டாவதாக மாற்றப்பட்டவர் என்று ஒருவரும் இன்றுவரை இல்லை.

பக்கத்து நகரமான ஹேர்னிங்கில், தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது இதை ஒரு அண்ணையிடம் சொன்னேன். எங்களுக்கு முந்தி வந்து குடியேறியவர். டேனிஷ் சிநேகிதர்கள் தனக்கு எத்தனை பேர் என்று கேட்காமலே சொல்பவர்.

"நீர் ஏன் தம்பி வாயைக் குடுத்தனீர்?" என்றார். "அவங்கள் பகிடிக்குச் சொல்லுறது. சிரிச்சுப்போட்டு விட்டிருந்தா உம்மட மெஷினில நிம்மதியா இருந்திருப்பீர்."

"பொய்யெல்லோ அண்ணை சொன்னவன்."

"சொல்லட்டுமன். உமக்கென்ன குறைஞ்சு போச்சு? நானெண்டா அடுத்த முறையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கேட்டிருப்பன்."

கேட்டிருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேட்டு, லக்ரிஸும் வாங்கிக் கொடுத்து, அம்பு பட்டது என்று சத்தியமும் செய்திருப்பார். நான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அன்று போர்மனைவிட அவர்மேல்தான் எனக்கு அதிகம் எரிந்தது. போர்மன் தன் மானத்துக்காகப் பொய் சொன்னான். இவர் மற்றவனுடைய மானத்துக்காக என் மானத்தை விற்கச் சொன்னார்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து காருக்குப் போகும்போது போர்மன் பின்னால் வந்தான். கையில் ஒரு பொலித்தீன் பை. உள்ளே உறைந்த இறைச்சி.

"மான். தொடை" என்றான். "போன மாதம் கிடைத்தது. வில்லால்தான். ஒரே அம்பு."

"வாழ்த்துகள்" என்றேன்.

"உன் மனைவியிடம் கொடு. அவளுக்குத் தெரிந்த மாதிரிச் சமைக்கட்டும்." கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். "நல்ல நத்தார்."

அது மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மனதுக்குள் ஒன்று இறங்கிப் போனது போலவும் இருந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொடுத்தபோது, "பரவாயில்லை, மனிசன்தான்" என்று அவனுக்காகப் பரிந்துகூடக் கதைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் ஓகூஸிலிருந்து வந்திருந்தாள். அங்கே தாதியர் படிப்புப் படிக்கிறாள். மனைவி இறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டி, யாழ்ப்பாணத் தூள் போட்டு, நெடுநேரம் அவிய விட்டு, கடைசியில் பெருஞ்சீரகம் தூவி இறக்கினாள். பக்கத்துக் கதவுக்கும் மணம் போயிருக்கும். மூன்று பேரும் சோற்றோடு சாப்பிட்டோம். நல்ல இறைச்சி. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மகள் திடீரென்று கன்னத்தைப் பிடித்தாள். வாயிலிருந்து எதையோ எடுத்துச் சோற்றுக் கோப்பையின் விளிம்பில் வைத்தாள். மிளகைவிடச் சின்னது. உருண்டையாக, சாம்பல் நிறத்தில்.

"அம்மா, இது என்ன?"

"கல்லோ? நான் கழுவித்தானே போட்டனான்."

மகள் முள்ளுக்கரண்டியால் தட்டிப் பார்த்தாள். உலோகச் சத்தம். அவள் என்னைப் பார்த்து டேனிஷில் சொன்னாள்: "அப்பா, இது துவக்குச் சன்னம், துப்பாக்கி ரவை. வில்லால் அடித்த மானுக்குள் எப்படி வரும்?"

மனைவி குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, இன்னும் ஒரு அகப்பை கறியை மகளின் சோற்றில் விட்டாள்.

"பல்லைப் பாத்துச் சாப்பிடு பிள்ளை" என்றாள். என் முகத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவாள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் சிரித்தும்விட்டாள். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவக்கால் சுட்டதாகச் சொல்லித் தந்திருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அல்லது யாரோ தந்தது என்று சொல்லியிருந்தாலும் என்ன? ஒரு துண்டு இறைச்சியைக்கூட இந்த மனிதனால் பொய் கலக்காமல் கொடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அவன் பஞ்சு மெஷினடிக்கு வந்தான். நான் மெஷினை நிறுத்தி, மாஸ்க்கைக் கீழே இறக்கினேன்.

"இறைச்சி எப்படி?"

"நல்ல இறைச்சி. மனைவி நன்றி சொல்லச் சொன்னாள்."

"பார்த்தாயா."

"மகளின் பல்லில் ஒரு சன்னம் பட்டது."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். பக்கத்தில் யாரும் இல்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் தலையணைக் குவியலைப் பார்த்தான். இப்போது சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் அவ்வளவு கடின மனதுக்காரன் அல்ல. எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

"அது பழைய சன்னமாக இருக்கும்" என்றான். "முன்பு யாரோ சுட்டிருப்பார்கள். பட்டும் தப்பியிருக்கும். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒழுங்காகச் சுடத் தெரியாதவர்கள். அப்படி நடக்கிறது. நீ யோசித்துப் பார்..."

நான் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு பச்சைப் பொத்தானை அழுத்தினேன். மெஷின் இரையத் தொடங்கியது. அவனுடைய வாய் தொடர்ந்து அசைந்தது. கையால் தூரம் காட்டினான், பிறகு உயரம் காட்டினான், பிறகு எங்கேயோ பக்கத்துக் காடு இருக்கும் திசையைக் காட்டினான். ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த உறையை எடுத்துக் குழாயில் மாட்டினேன்.